அம்மா பின்னிய குட்டி ஸ்வெட்டர்!

தலைப்பிரசவத்துக்கு மகள் வீட்டுக்கு வந்தாயிற்று. அம்மா முதலில் செய்யும் வேலை என்ன தெரியுமோ? பீரோவின் மேல்தட்டைக் குடைவதுதான்! "நீ வயித்துல இருந்தப்போ உனக்காகப் பின்னினதுடி" என்று பழைய துணிப்பையிலிருந்து ஒரு குட்டி ஸ்வெட்டரும் குல்லாவும் வெளியே வரும். கூடவே குப்பென்று பாச்சை உருண்டை வாசனையும்!

இத்தனை வருஷமாகப் பூச்சி அரிக்காமல் காப்பாற்றி வைத்த பாசத்தைக் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்? ஆனால், அந்த வாசனையோடு ஸ்வெட்டரைக் குழந்தைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பாச்சை உருண்டை, அந்துருண்டை என்று நாம் வாங்குவது பெரும்பாலும் நாப்தலீன். அதன் ஆவி துணியில் ஊறிக் கிடக்கும். மூச்சு வழியாகவும் மெல்லிய தோல் வழியாகவும் பச்சைக் குழந்தையின் உடம்புக்குள் போகும். ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் 'ஜி6பிடி' என்ற என்சைம் சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே குறைவு. ஆண் குழந்தைகளிடம் இது அதிகம். பார்த்தால் ஒன்றும் தெரியாது, குழந்தை கொழுகொழுவென்றுதான் இருக்கும். அப்படிப்பட்ட குழந்தைக்கு நாப்தலீன் சேர்ந்தால் சிவப்பணுக்கள் மளமளவென்று உடையும். ரத்தசோகை வரும், காமாலை ஏறும். அளவு மீறினால் மூளையே பாதிக்கப்படலாம். உயிருக்கு ஆபத்தாக முடிந்ததும் உண்டு.

கண்ணும் தோலும் மஞ்சளாகிறதா? பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கிக்கொண்டே இருக்கிறதா? சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போகிறதா? 'இளவெயிலில் காட்டினால் சரியாயிடும்' என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உருண்டை போட்ட துணி விஷயத்தையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அதற்காக ஸ்வெட்டரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பிரசவத்துக்கு ஒரு மாசம் முன்பே எடுத்து, நன்றாக அலசி, நாலைந்து நாள் வெளியில் காற்றாட விடுங்கள். மூக்கருகே வைத்துப் பாருங்கள். துளி வாசனை இருந்தாலும் மறுபடி அலசுங்கள். அப்படியும் போகவில்லையா? கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டுங்கள், பாப்பாவுக்கு வேண்டாம்.

புதிதாகப் பின்னப் போகிறீர்களா? கடையில் 'உல்லன்' என்று தருவது பெரும்பாலும் அக்ரிலிக் நூல்தான். தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். சாம்பிராணி போடும் வீடுகளில் ஜாக்கிரதை! சென்னை வெயிலுக்குப் பருத்தி நூலே சுகம். கழுத்தில் ரிப்பன் கோக்காதீர்கள். கால் உறையை ஒவ்வொரு முறையும் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். தொங்கும் இழை பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். வீட்டுக்குள் தூங்கும்போது, டாக்டர் போடச் சொன்னால் தவிர, குல்லா தேவையில்லை. பிடரியில் வேர்த்திருந்தால் ஸ்வெட்டரையும் கழற்றுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை. கடைசி மாதங்களில் மணிக்கட்டில் நீர் கோத்து, நரம்பு அழுந்தி, விரல்கள் மரத்துப்போவது சகஜம். அப்போது பிடிவாதமாகப் பின்னாமல் ஊசியை அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். அவங்களும் அதைத்தானே எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!

அடுத்த குழந்தைக்கு எடுத்து வைக்கிறீர்களா? அந்துப்பூச்சிக்கு அழுக்கும் வியர்வையும் படிந்த கம்பளி என்றால் கொண்டாட்டம். துவைத்து, ஈரமில்லாமல் காயவைத்து, காற்றுப் புகாத கவரில் மூடினாலே போதும். அக்ரிலிக் என்றால் அந்தக் கவலையும் இல்லை, அந்து அதைத் தின்னாது.