பிசினிற் கலக்கும் நுண்துகள்

நம் நாட்டில் மண்சுவர் எழுப்புவோர் களிமண்ணோடு வைக்கோலைச் சேர்த்து மிதிப்பது வழக்கம். மண் பாரத்தைத் தாங்கும், இழுத்தாற் பிளக்கும். வைக்கோல் இழுவையைத் தாங்கும், தனியே நில்லாது. இரண்டும் சேர்ந்தவிடத்துச் சுவர் நிற்கின்றது. கள்ளக்குறிச்சிக்கு மேற்கேயுள்ள கல்வராயன் மலையிற் சேகரிக்கப்படும் கடுக்காய்க்கும் பழைய கட்டடங்களில் இடமுண்டு. கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லநீரையும் அளவோடு சேர்த்துச் சுண்ணாம்புச் சாந்தின் குணத்தைத் திருத்துவது தமிழ்நாட்டுக் கொத்தர் அறிந்த முறை. நாரினால் வலுவூட்டுதல் ஒன்று. பிணைக்கும் பொருளையே சிறு சேர்க்கையாற் சீர்ப்படுத்துதல் மற்றொன்று. இவ்விரண்டும் இக்காலத்து நார்க்கலவைகளில் ஒருங்கே காணப்படுதலை ஈண்டு ஆராய்வோம்.

எபாக்ஸி என்னும் பிசின், 1930-களில் சுவிட்சர்லாந்து இரசாயன அறிஞர் பியர் காஸ்டான் முதலியோரது முயற்சியால் தோன்றியது. இதனோடு இறுக்கும் பொருளொன்றைச் சேர்த்தால், மூலக்கூறுகள் வலைபோற் பின்னிக்கொண்டு கெட்டிப்படும். பின்னர் எவ்வளவு காய்ச்சினும் உருகாது. அச்சிலே கண்ணாடி நார்த் துணிகளை அடுக்கி, இப்பிசினைப் புகுத்தி இறுகவிட்டால், இலேசும் உறுதியும் உடைய பொருள் கிடைக்கும். தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த முப்பந்தலிற் சுழலும் காற்றாலைகளின் இறகுகள் இத்தகைய நார்க்கலவையால் ஆனவை.

நார் ஓடும் திசையில் இப்பொருள் மிக வலியது. ஆயின் ஓரடுக்கிற்கும் அடுத்த அடுக்கிற்கும் இடையே பிசின் மட்டுமே உண்டு. இறுகிய எபாக்ஸியோ நொறுங்குந் தன்மையது. இறகு இலட்சோபலட்சம் முறை வளைந்து நிமிர, அவ்விடத்தே மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றி அடுக்குகளைப் பிரித்துவிடும். உருக்கி மீண்டும் வார்க்கவியலாப் பொருளாதலின், பழுதுற்ற இறகு பெரும்பாலும் நிலத்திற்குச் சுமையாகவே முடியும். அவ்வெடிப்பைத் தடுக்கவே நுண்துகள்கள் வேண்டப்படுகின்றன.

சிலிக்கா, களிமண் தகடு, 1991-இல் ஜப்பானிய அறிஞர் சுமியோ இஜிமா விளக்கிக் காட்டிய கார்பன் நுண்குழாய் முதலியன இவ்வினத்தைச் சேர்ந்தவை. இவற்றை அளப்பது நானோமீட்டரால்; அது மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. 1 சென்டிமீட்டர்க் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனை 10 நானோமீட்டர்க் கனசதுரங்களாகப் பிளந்தால், மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 15 சென்ட் நிலமாகும்! அத்துணைப் பரப்பையும் பிசின் பற்றிக்கொள்ளும். வெடிப்பு துகளைக் கண்டு வழி விலகும். குழாய்கள் அதன் இரு கரைகளையும் பாலம்போற் பிணைக்கும். இங்ஙனம் ஆற்றல் செலவாகி வெடிப்புத் தளரும்.

எனினும் மிகுதியாய்ச் சேர்த்தால் நன்மையும் மிகும் என்று எண்ணலாகாது. நுண்குழாய் பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்கிற்கும் குறைவாகவே சேர்க்கப்படுகின்றது. அளவு மீறினாற் பிசின் தடித்து, நாரிடைப் புகாது, காற்றுக்குமிழிகள் தங்கும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிபட்டாலோ, அக்கட்டியே புதிய வெடிப்பிற்குப் பிறப்பிடம். மேலும் நார்த்துணி வடிகட்டியாய் நின்று கட்டிகளை வழியிலேயே தடுத்துவிட, அச்சின் ஒருபுறம் துகளும் மறுபுறம் வெறும் பிசினுமாய் நிற்கும். ஆதலின் உருளைகளுக்கிடையே அரைத்தும், செவிக்கெட்டா ஒலியலைகளாற் கலைத்தும், வெற்றிடத்திற் காற்றை நீக்கியும் கலவையைப் பதப்படுத்துகின்றனர். எவ்வளவு சேர்த்தோம் என்பதினும் எங்ஙனம் பரவிற்று என்பதே முதன்மையானது.

பரிசோதனைச்சாலையிற் புகும் மாணவர் மற்றொன்றும் மறத்தலாகாது. உலர்ந்த நுண்துகள் மூச்சோடு நுரையீரலுட் செல்லும். இறுகாத பிசின் தோலிற் படின் ஒவ்வாமை உண்டாகும். முகமூடியும் கையுறையும் இன்றித் தொடலாகாது. துகள் சேர்த்த தகட்டையும் சேராத தகட்டையும் ஒரே முறையிற் செய்து முறித்து ஒப்பிட்ட பின்னரே பயனைக் கூறவேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியற் கல்லூரிகளிற் கற்றாழை நார், வாழை நார் முதலியவற்றைக் கொண்டும் இத்தகைய ஆய்வுகள் நடைபெறுகின்றன. நம் வயலிலும் வேலியிலும் கிடைக்கும் நாரைக்கொண்டே நம் மாணவரும் இத்துறையிற் புகலாம். அளவறிந்து கலக்கும் பொறுமை ஒன்றே முதலில் வேண்டுவது.