சத்தத்தில் ஒரு சதுரங்கம்

பாலக்காட்டுக்கு அடுத்த மாவட்டம் திருச்சூர். அங்கே மரோட்டிச்சால் என்று ஓர் ஊர். சாயாக்கடையில் உட்கார்ந்து சதுரங்கம் ஆடுவார்கள். பஸ் நிறுத்தத்திலும் ஆடுவார்கள். சுற்றிலும் பேச்சும் சிரிப்பும்தான். அதனால் ஆட்டம் நிற்பதில்லை.

போட்டி அப்படி அல்ல. கூடம் அமைதியாக இருக்கும். அங்கே ஒருவர் இருமினாலும் பெரிதாகக் கேட்கும். யோசனை பாதியில் அறுந்து போகும். கை தவறான காயைத் தொடும். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும்.

போட்வின்னிக் 1948இல் உலகச் சாம்பியன் ஆனவர். சோவியத் நாட்டுக்காரர். அவருக்குப் புகை ஆகாது. அதனால் பயிற்சியின்போது நண்பரைப் புகை ஊதச் சொன்னார். வானொலியையும் சத்தமாக வைத்து ஆடினார். பழகிக்கொண்டார்.

அமெரிக்காவின் பாபி பிஷர் வேறு மாதிரி. 1972இல் ஐஸ்லாந்தில் உலகப் போட்டி. படம் எடுக்கும் கருவிகள் தொந்தரவு என்றார். இரண்டாம் ஆட்டத்துக்கு வரவே இல்லை. அது தோல்வியானது. மூன்றாம் ஆட்டம் கூட்டம் இல்லாத சிறிய அறையில் நடந்தது. அதில் வென்றார். பட்டத்தையும் வென்றார்.

நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு சண்டை வேண்டாம். எதிராளியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று விதியே இருக்கிறது. அவர் மேசையைத் தட்டுகிறாரா? "சமன் செய்யலாமா?" என்று ஓயாமல் கேட்கிறாரா? அவரிடம் வாதாட வேண்டாம். கடிகாரத்தை நிறுத்தி, நடுவரைக் கூப்பிட வேண்டும். இந்த உரிமை பலருக்குத் தெரியாது. பேசாமல் இருந்து தோற்று வருகிறார்கள். கடிகாரத்தை நிறுத்தாமல் நடுவருக்காகக் காத்திருந்தால், குறைவது நம் நேரம்தான்.