கிடை வேண்டுமா? மேய்க்காலைக் காப்பாற்றுங்கள்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் உளுந்து, பருத்தி, மக்காச்சோளம் எல்லாம் பெரும்பாலும் மானாவாரிதான். அறுவடை முடிந்த கரிசலில் கிடை போட்டுத்தான் பலரும் மண்ணுக்கு எரு சேர்க்கிறார்கள். கிடை வர மந்தை வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காடெல்லாம் பயிர் நிற்கும்போது கன்னி ஆட்டுக்கும் செம்மறிக்கும் கதி, ஊருக்கு வெளியே உள்ள ஓடைக்கரையும் சுக்கான்கல் மேடும்தான்.

நகரம் விரிய விரிய அந்த மேடு 'சும்மா கிடக்கும் தரிசு' ஆகிவிடுகிறது. கிராமக் கணக்கில், 'அ' பதிவேட்டில், அது மேய்க்கால் புறம்போக்கு என்று இருக்கலாம். கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்கே மீட்டுத்தர மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011 ஜனவரி 28-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கிராம சபைக்குச் சர்வே எண்ணோடு போக வேண்டும், வாய்ப்பேச்சு எடுபடாது.

மீட்ட நிலத்தைச் சீமைக்கருவேலம் மூடினாலும் பயனில்லை. வெட்டினால் துளிர்க்கும், தூரோடு பெயர்க்க வேண்டும். பிறகு பருவமழையோடு ஏக்கருக்குச் சுமார் 3 கிலோ கொழுக்கட்டைப்புல் விதை தூவலாம். சுண்ணாம்பு மண்ணையும் அது தாங்கும். புரதத்துக்கு வேலி மசால் கலக்கலாம். அதன் விதைத்தோல் கடினம். வெந்நீர் நேர்த்தி செய்யாமல் போட்டால் பெரும்பகுதி முளைக்காது.

முதல் பருவத்தில் புல் விதை உதிரும்வரை ஆடு இறங்கக் கூடாது. கஷ்டமே அங்கேதான். மேய்ப்பவர்களை முழுதாகத் தடுத்தால் சண்டைதான் வரும். அவர்களையும் உட்காரவைத்துப் பேசி, பாதி நிலத்தை இந்த ஆண்டும் மீதியை அடுத்த ஆண்டும் மூடலாம்.