ஆப்பிரிக்கக் காட்டில் முதல் நாள்

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட எல்லைக் கிராமங்களில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்குச் சிங்கம் என்றால் நெய்யாறு அணைதான். அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டிய மரக்குன்னத்தில் 1984ஆம் ஆண்டு சிங்க சஃபாரிப் பூங்கா தொடங்கப்பட்டது. ஐந்தாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலாவாக நான் அங்கே சென்றேன். கம்பிவலை அடித்த வண்டிக்குள் நாங்கள் அமர்ந்திருக்க, வெளியே நிழலில் சிங்கம் படுத்திருந்தது. என் மனைவி நெய்யாற்றின்கரையைச் சேர்ந்தவர். அவரும் தம் பள்ளியிலிருந்து அதே பூங்காவுக்குச் சென்றவரே. பெண் பார்க்கச் சென்ற நாளில் எங்கள் இருவருக்கும் கிடைத்த முதல் பொதுப்பேச்சு அந்தச் சிங்கங்களைப் பற்றியதாகவே இருந்தது.

நான்கு சிங்கங்களுடன் தொடங்கிய அப்பூங்காவில் ஒரு காலத்தில் பதினைந்துக்கும் மேற்பட்டவை இருந்தன. இடநெருக்கடி காரணமாக இனப்பெருக்கத்தைத் தடுக்க ஆண் சிங்கங்களுக்குக் கருத்தடை செய்யப்பட்டது. அதன்பின் குட்டிகள் பிறக்கவில்லை. மூத்தவை ஒவ்வொன்றாக இறந்தன. கணக்கில் இருப்பு தீர்ந்துபோவதைப் போல, 2021ஆம் ஆண்டில் கடைசிப் பெண் சிங்கமும் போய்விட்டது.

அச்செய்தியை நாளிதழில் படித்த அன்று என் மனைவி, “நம்ம சிங்கமெல்லாம் போச்சுங்க. இனி பாக்கணும்னா ஆப்பிரிக்காவுக்குத்தான் போகணும்” என்றார். அவர் வேடிக்கையாகச் சொன்னதை நான் கணக்காக எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரமே இருவர் பெயரிலும் மாதம் 12,000 ரூபாய் வீதம் 42 மாதங்களுக்குத் தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கினோம். முதிர்வுத் தொகை கைக்கு வந்தபின், 2025 பிப்ரவரியில், பிள்ளைகளை அம்மாவின் பொறுப்பில் விட்டுவிட்டுக் கென்யாவின் மசாய் மாராவுக்குப் புறப்பட்டோம். அங்கே எங்களுடைய முதல் நாள் எவ்வாறு கழிந்தது என்பதையும், அந்த நாளுக்காக முன்கூட்டியே எவற்றைச் செய்திருக்க வேண்டும் என்பதையும் வாடிக்கையாளர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புறப்படும் முன்

கென்யா 2024 ஜனவரி முதல் விசா முறையைக் கைவிட்டு, இணையவழிப் பயண அனுமதி முறையைக் கொண்டுவந்துள்ளது. விண்ணப்பமும் கட்டணமும் இணையத்திலேயே முடிந்துவிடுகின்றன. பலர் மறந்துவிடுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைத்தான். கென்யாவிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பும்போது நம் விமான நிலையத்தில் அதற்கான சான்றைக் கேட்பார்கள். சான்று இல்லாதவர்களை ஆறு நாள்கள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி உண்டு. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே இந்த ஊசி போடப்படுகிறது. போட்டுப் பத்து நாள்கள் கழிந்த பின்னரே சான்று செல்லுபடியாகும். அதன்பின் ஆயுள் முழுவதும் செல்லும். மலேரியாத் தடுப்பு மாத்திரை குறித்தும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எந்த மாதத்தில் போவது என்பதும் செலவைத் தீர்மானிக்கும். மசாய் மாரா காப்பகத்தில் வெளிநாட்டுப் பயணிக்கான நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை ஒருவருக்கு 100 டாலர். ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். பன்னிரண்டு மணி நேரம் மட்டுமே சீட்டு செல்லும். எனவே ஒவ்வொரு நாளுக்கும் தனிக்கட்டணம் ஆகும். இலட்சக்கணக்கான காட்டுமாடுகள் தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து மாராவுக்கு இடம்பெயர்ந்து வருவது ஏறத்தாழ ஜூலை முதல் அக்டோபர் வரை. அக்காட்சியே வேண்டும் என்பவர்கள் கூடுதல் கட்டணத்துக்கு ஆயத்தமாக வேண்டும். சிங்கமும் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் ஆண்டு முழுவதும் அங்கேயே இருப்பவை. எங்களுக்கு அவை போதும் என்பதால் பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்தோம்.

காலை: பள்ளத்தாக்கின் விளிம்பில்

மும்பையிலிருந்து நைரோபிக்கு விமானத்தில் ஏறத்தாழ ஆறு மணி நேரம். முதல் இரவை நைரோபியில் கழித்து, மறுநாள் காலை ஆறரை மணிக்கு லேண்ட் குரூசர் வண்டியில் கிளம்பினோம். வண்டியை ஓட்டியவர் மசாய் இனத்தைச் சேர்ந்தவர், வழிகாட்டியும் அவரே. சஃபாரி என்பது சுவாகிலி மொழியில் பயணம் என்று மட்டுமே பொருள்படும் என்றும், விலங்குகளுக்கும் அச்சொல்லுக்கும் தொடர்பில்லை என்றும் அவர் கூறினார்.

நகரத்தைக் கடந்ததும் சாலை மேலேறி, சட்டென்று ஒரு மலைவிளிம்பில் நிற்கிறது. கீழே பெரும்பிளவுப் பள்ளத்தாக்கு. ஆப்பிரிக்க நிலத்தட்டு இரண்டாகப் பிரிந்துகொண்டிருப்பதால் உண்டான தாழ்நிலம் அது. நடுவே அணைந்த அடுப்பைப்போல லாங்கோனாட் எரிமலை. நிலநடுக்கோட்டுக்கு அருகில்தானே செல்கிறோம் என்று மெல்லிய ஆடைகளையே எடுத்துச் சென்றிருந்த நான் அங்கே குளிரில் நடுங்கினேன். அப்பகுதி முழுவதும் மேட்டுநிலம். மாராவே கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் உள்ளது. காலை உலாவுக்குக் கம்பளி ஆடை கட்டாயம்.

நரோக்கில் ஒரு பாடம்

பத்து மணியளவில் நரோக் என்னும் ஊரை அடைந்தோம். காப்பகத்துக்கு முன் உள்ள பெரிய ஊர் அதுதான். மனைவிக்கு வெயில் தொப்பி ஒன்றை எடுத்து, கடைக்காரரிடம் என் அட்டையை நீட்டினேன். இயந்திரம் மறுத்துவிட்டது. மீண்டும் முயன்றேன், மீண்டும் மறுத்தது. என் மனைவி சிரித்துக்கொண்டே, “பேங்க் ஆபீசர் கார்டே ஓடலியா?” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் தங்குமிடத்துக்குப் பாதித் தொகையை அன்று பிற்பகல் அதே அட்டையில் செலுத்த வேண்டியிருந்தது.

பிழை என்னுடையதே. 2020ஆம் ஆண்டு முதல், ரிசர்வ் வங்கியின் விதிப்படி, புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்த நிலையில் வழங்கப்படுகின்றன. வெளிநாட்டில் பயன்படுத்த வாடிக்கையாளரே அதைத் திறந்துகொள்ள வேண்டும். இதைக் கிளையில் நாள்தோறும் பிறருக்குச் சொல்பவன் நான். விமானச்சீட்டு எடுப்பதற்காகத் திறந்தேன். பாதுகாப்புக் கருதி மூடினேன். பின் மறந்தே போனேன். இதைவிடப் பெரிய பிழை ஒன்றும் இருந்தது. நைரோபியில் உள்ளூர் சிம் வாங்கியபோது இந்திய சிம்மைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தேன். அந்த எண் கைபேசியில் இல்லாமல் வங்கிச் செயலி திறக்காது, ஓடிபி வராது.

கடையிலிருந்த முக்காலியில் அமர்ந்து, வியர்த்த விரல்களால் சிம்மை மாற்றி, சிக்னலுக்காகக் காத்திருந்த அந்தப் பதினைந்து நிமிடங்களை நான் மறக்க மாட்டேன். நாற்பத்திரண்டு மாதச் சேமிப்பு ஒரு சிறிய பொத்தானில் நின்றிருந்தது. இந்திய எண்ணுக்கு ரோமிங் வசதி வாங்கியிருந்ததால் தப்பினோம். செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்ததும் அட்டை வேலை செய்தது.

அதற்குள் எங்கள் ஓட்டுநர் தம் கைபேசியில் எம்-பெசா வழியாகத் தொப்பிக்கான பணத்தைக் கட்டிவிட்டிருந்தார். கென்யாவில் 2007ஆம் ஆண்டு தொடங்கிய கைபேசிப் பணச் சேவை அது. நம் யுபிஐ வருவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, வங்கிக் கணக்கு இல்லாதவர்களும் சாதாரணக் கைபேசியிலிருந்து அங்கே பணம் அனுப்பத் தொடங்கிவிட்டனர்.

பணத்தை எப்படி எடுத்துச் செல்வது?

ஒரே வழியை நம்பிச் செல்லக் கூடாது என்பதே நரோக் எனக்குக் கற்றுத்தந்த பாடம். ஓர் அட்டை கணவரிடமும், வேறு கணக்கின் அட்டை அல்லது முன்பணம் செலுத்திய அந்நியச் செலாவணி அட்டை மனைவியிடமும் இருக்கட்டும். கென்யா போன்ற நாடுகளுக்குச் செல்வோர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை ரொக்கமாக எடுத்துச் செல்லலாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் பழைய, கிழிந்த, எழுதப்பட்ட டாலர் நோட்டுகளை வாங்கத் தயங்குவார்கள்; புதிய நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். திரும்பியபின் 2,000 டாலருக்கு மேல் மீதமிருக்கும் நோட்டுகளை 180 நாள்களுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும்.

தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை பயணம் உள்ளிட்ட தேவைகளுக்குப் பயன்படுத்தலாம். பான் எண் கட்டாயம். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை இந்திய முகவரிடம் வாங்கினால் அதனோடு டிசிஎஸ் எனப்படும் வரியும் வசூலிக்கப்படும். அது இழப்பு அன்று. நம் பான் எண்ணில் வரவு வைக்கப்படும். வருமானவரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது ஈடுசெய்துகொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். எனினும் அதுவரை அத்தொகை நம் கையில் இருக்காது என்பதால், திட்டமிடும்போதே அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரி விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறக்கூடியது. பணம் கட்டும் நாளில் நடப்பில் உள்ளதைக் கேட்டறியுங்கள்.

கடைகளில் அட்டை இயந்திரம், “ரூபாயில் செலுத்தவா, ஷில்லிங்கில் செலுத்தவா?” என்று கேட்டால் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தில் கூடுதல் தொகை போய்விடும். பயணக் காப்பீட்டில், காட்டிலிருந்து நகர மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுசெல்லும் செலவும் அடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாராவிலிருந்து நைரோபிக்குச் சாலைவழி ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மாலை: புல்வெளியில்

தங்குமிடத்தில் பணம் செலுத்தி, உணவை முடித்துக்கொண்டு, மூன்றரை மணிக்குக் காப்பகத்துக்குள் நுழைந்தோம். 1,510 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது மாரா. எங்கள் நெய்யாறு சரணாலயத்தைப் போல ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடர்காட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அந்தத் திறந்த வெளி முதலில் வெறுமையாகவே தோன்றுகிறது. பத்து நிமிடங்களில் கண் பழகிவிடுகிறது. புல்லின் நிறமாகத் தெரிந்தவை மான்கள் என்றும், புற்றின்மேல் சிலைபோல நின்றது டோப்பி என்றும் புரிகிறது. வரிக்குதிரைகள் ஒன்றின் முதுகில் மற்றொன்று தலைசாய்த்து எதிரெதிர்த் திசைகளைக் காவல் காக்கின்றன.

யானைக் கூட்டம் ஒன்று சாலையைக் கடந்தது. கோயில் திருவிழாக்களில் யானைகளைப் பார்த்தே வளர்ந்த என் மனைவி, “குட்டிக்குப் பால் கொடுக்கிறதுக்கும் கொம்பு இருக்கே!” என்று வியந்தார். நம் நாட்டில் பெண் யானைக்கு வெளியே நீண்ட தந்தம் இராது. ஆப்பிரிக்க யானையில் ஆண், பெண் இரண்டுக்கும் பொதுவாகத் தந்தம் உண்டு. காதும் மிகப் பெரியது.

ஐந்து மணி இருபது நிமிடத்துக்கு ஓட்டுநரின் வயர்லெஸ்ஸில் ஒரு செய்தி வந்தது. ஆற்றங்கரையில் சிங்கங்கள், போய்ச் சேர அரை மணி நேரமாகும். ஆறு மணிக்குள் வாயிலைக் கடந்து வெளியேற வேண்டியிருந்தது. “இன்று முடியாது” என்றார் அவர். கூடுதலாக ஏதேனும் தருகிறோம் என்று சொல்லலாமா என ஒரு கணம் என் மனம் எண்ணியது. “ஒரு கையெழுத்துதானே சார்” என்று என் மேசைக்கு முன் கேட்பவர்களின் முகங்கள் உடனே நினைவுக்கு வந்தன. பேசாமல் இருந்துவிட்டேன்.

திரும்பும் வழியில் அவரே காரணத்தை விளக்கினார். பாதையை விட்டு விலகக் கூடாது. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. இருட்டிய பின் காடு விலங்குகளுக்கே உரியது. காப்பகத்தைச் சுற்றியுள்ள சமூகக் காப்புநிலங்களில், மசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தை வேலியிட்டு விற்காமல் வனவிலங்குகளுக்காக விட்டுவைப்பதற்கு விடுதிகளிடமிருந்து குத்தகை பெறுகின்றன. விலங்கு இருந்தால்தான் பயணி வருவார். பயணி வந்தால்தான் குத்தகை வரும். வணிகவியல் படித்த எனக்கு அது எளிதில் விளங்கியது. காடு அவர்களுக்கு முதல். நாம் கட்டும் கட்டணம் வட்டி. முதலைத் தொடாதவரைதான் வட்டி வரும்.

இரவு: ஒரு குரல்

உணவுக்குப்பின் கூடாரத்துக்குத் தனியே நடந்து செல்ல அனுமதியில்லை. கையில் விளக்கோடு காவலர் ஒருவர் கொண்டுவந்து விட்டார். படுத்துச் சிறிது நேரத்தில், தொலைவில் கனத்த மூச்சொலிபோல ஒன்று எழுந்து, விட்டுவிட்டு ஒலித்து அடங்கியது. சிங்கத்தின் கர்ச்சனை எட்டு கிலோமீட்டர் வரை கேட்கும் என்று ஓட்டுநர் சொல்லியிருந்தார்.

வெகுநேரம் கழித்து என் மனைவி மெல்லச் சொன்னார்: “நெய்யாத்துல அது நமக்காகக் காத்துக் கிடந்துச்சு. இங்க நாமதான் காத்திருக்கணும். இதுதான் சரிங்க.”

ஒரு சிங்கத்தையும் காணாமல் எங்கள் முதல் நாள் முடிந்தது. அதற்காக நாங்கள் வருந்தவில்லை. விலங்கு கண்ணில் படுவது நம் கையில் இல்லை. அட்டை, காப்பீடு, ஊசி, அனுமதி, ரொக்கம் ஆகியவை நம் கையில் உள்ளவை. இவற்றைப் புறப்படும் முன்பே சரிசெய்துவிட்டால், காட்டில் காத்திருப்பதற்கு வேண்டிய அமைதி மனத்தில் மிஞ்சும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்னதாக உங்கள் கிளைக்கு வாருங்கள்; உட்கார்ந்து பேசி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட்டீர்களா என்பதே உங்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.