பட்டம் இல்லம் வந்து சேரும் நாள்

தலைமுறை தலைமுறையாய்க் கல்லூரி வாயிலைக் காணாத ஒரு குடும்பத்தில் ஒருவர் பட்டம் பெறுகிறார் என்றால், அது சிறிய செய்தியன்று. பூட்டுப் பட்டறைகளிலும் தோல் பதனிடும் ஆலைகளிலும் நூற்பாலைகளிலும் உழைத்தோரின் பிள்ளைகள், நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் மல்லிகை பறித்தோரின் பிள்ளைகள், இன்று நம் திண்டுக்கல் பகுதியில் பட்டதாரிகளாய்த் திகழ்கின்றனர். இம்மகிழ்ச்சியை நாம் எவ்வாறு கொண்டாடுகிறோம்?

தெருமுனையில் பெரிய பதாகை, ஒலிபெருக்கி, ஊருக்கெல்லாம் பிரியாணி. விருந்து தவறன்று. ஆனால் படிப்புக்காக அடகு வைத்த நகை இன்னும் மீளாதிருக்க, விழாவுக்காக மற்றொரு கடன் வாங்கத்தான் வேண்டுமா?

பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா சிறப்புடையதே. ஆயினும் அங்கு மேடையேறுபவர் மாணவர் மட்டுமே. அது வரும் நாளும் நம் கையில் இல்லை. காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தில் 2018–19, 2019–20 ஆண்டுகளின் மாணவர்கள் 2,300-க்கும் மேற்பட்டோர், கொரோனா காலம் கடந்து, 2022 நவம்பர் 11 அன்று நடந்த 36-ஆவது பட்டமளிப்பு விழாவில்தான் பட்டம் பெற்றனர். பெற்றோரின் மகிழ்ச்சி அதுவரை காத்திருக்க வேண்டுமா? இல்லத்து விழாவுக்கு எவருடைய அழைப்பிதழும் தேவையில்லை.

பட்டம் எதற்காக என்பதற்கும் அந்தக் காந்திகிராமமே விடை கூறுகிறது. செல்வக் குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே கணவரை இழந்த சௌந்தரம் அம்மையார், மனம் தளராது தில்லி சென்று பயின்று, 1936-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். நகரில் தொழில் நடத்திப் பொருளீட்டியிருக்கலாம். அவரோ சின்னாளபட்டிப் பகுதியின் ஏழை எளியோரை நாடி வந்தார். 1947-இல் கணவர் கோ. இராமச்சந்திரனுடன் காந்திகிராமத்தை நிறுவினார். ஒருவர் பெற்ற பட்டம் ஒரு வட்டாரத்திற்கே மருந்தும் கல்வியுமாயிற்று.

நம் இல்லத்து விழாவும் இவ்வுண்மையை உணர்த்தட்டும். காலையில் குடும்பமாகத் திருப்பலியில் பங்கேற்போம். மாலையில் செபம் முடிந்தபின் பட்டதாரியே எழுந்து, தம் கல்விக்குத் தோள் கொடுத்தோரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நன்றி கூறட்டும். தம்பி படிக்கட்டும் என்று எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட அக்காள், கட்டணம் கட்டும் நாளில் கைமாற்றுத் தந்த அண்டை வீட்டார், அரிச்சுவடி கற்பித்த தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஆகியோரே இவ்விழாவின் சிறப்பு விருந்தினர். சான்றிதழை முதலில் அவர்கள் கையில் கொடுக்கட்டும். எழுத்தறியாத பாட்டியின் அருகில் அமர்ந்து, அதிலுள்ளதை வாய்விட்டு வாசித்துக் காட்டட்டும். அந்த முதிய கண்களில் துளிர்க்கும் நீரைவிட மேலான பாராட்டு எந்த மேடையில் கிடைக்கும்?

பின்னர் எளிய விருந்து. பதாகைக்குச் செலவாகியிருக்கும் தொகையில் அதே தெருவின் ஏழை மாணவர் ஒருவருக்குப் பாடநூல்களோ தேர்வுக் கட்டணமோ வழங்கலாம். பணம் இல்லையெனில், வாரம் இரு மாலைகள் சிறுவர்க்குக் கணக்குக் கற்பிப்பதாகப் பட்டதாரி வாக்களிக்கலாம்.

நலம் பெற்ற தொழுநோயாளர் பதின்மரில் நன்றி கூறத் திரும்பி வந்தவர் ஒருவரே என்று நற்செய்தியில் படிக்கிறோம். நம் பிள்ளைகள் அந்த ஒருவராய் விளங்கட்டும். பதாகை மழையில் கிழியும். நன்றியறிதலோ நெஞ்சில் நிலைக்கும்.