இறுதிப் போட்டிக்கு வெளியூர் ஆளா, நம்ம ஊர்ப் பையனா?

சித்திரை பிறந்தால் புதுக்கோட்டை மாவட்டத்தில் பல கண்மாய்கள் வற்றிவிடும். வெடித்துக் கிடக்கும் அந்தத் தரையில் ஒரு பகுதியைச் சமப்படுத்தி, நடுவே பிட்ச் போட்டு, ஓரத்தில் ஒரு பந்தலும் ஒலிபெருக்கியும் கட்டிவிட்டால் டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டிக்கு மைதானம் தயார். அறந்தாங்கி, ஆலங்குடி, திருமயம், பொன்னமராவதி என்று எந்தப் பக்கம் போனாலும் டீக்கடைச் சுவரில் போட்டி நோட்டீஸைப் பார்க்கலாம். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, அன்பளிப்புக் கொடுத்தவர்களின் பெயர்கள், நுழைவுக் கட்டணம் எல்லாம் இருக்கும். கடைசி வரியில், ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது’.

மைதானத்தில் அது சரி. ஆனால், அரையிறுதிக்கு வந்துவிட்ட அணிக்குள் ஒரு வழக்கு ஓடும் பாருங்கள், அதற்கு அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புக் கிடைக்காது. முதல் நாள் ராத்திரி பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் ஆரம்பிப்பார்.

“மாப்ள, பக்கத்து ஊர்ல ஒரு பவுலர் இருக்கான். கூப்பிட்டா வந்துருவான். அவன் வந்தா கப்பு நமக்குத்தான்டா!”

“அப்ப மொத மேட்ச்லேர்ந்து ஆடுனவன உக்கார வைக்கிறதா? நாளைக்கு அவங்க வீட்ல நம்மகிட்ட முகங்குடுத்துப் பேசுவாங்களா?”

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் டீ ஆறிப்போகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில போட்டிகளில் ‘ஒரே ஊர் வீரர்கள் மட்டும்’ என்று போட்டு, ஆதார் அட்டையைக் கேட்பார்கள். ஆதாரில் ஊர்ப் பெயர் சரியாக இருக்கும். ஆனால் ஆள், திருவிழாவுக்காகச் சிங்கப்பூரிலிருந்து பத்து நாள் லீவில் வந்தவராக இருப்பார். நன்றாகவும் ஆடுவார். அணியின் சட்டைக்குப் பணம் கொடுத்தவரும் அவராகவே இருக்கலாம். அவர் உள்ளூர் ஆளா, வெளியூர் ஆளா? லீக் மேட்ச் அத்தனையும் வெயிலில் நின்று ஆடிய பிளஸ் டூ பையன், இறுதிப் போட்டியில் அவருக்காக வெளியே உட்கார வேண்டுமா?

கோப்பை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது அணியை மாற்றலாமா என்ற இந்தக் கேள்வி, கோடிகள் புரளும் இடங்களிலும் அப்படியே இருக்கிறது.

சென்னை எடுத்த முடிவு

2021 ஐபிஎல் சீசனின் கடைசிக் கட்டம். சென்னை சூப்பர் கிங்ஸ் பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைந்துவிட்டது. ஆனால் மூன்றாம் நிலையில் ஒரு குறை. 2008-லிருந்து சென்னையின் தூணாக இருந்த சுரேஷ் ரெய்னா அந்த சீசனில் 12 ஆட்டங்களில் 160 ரன்கள்தான் எடுத்திருந்தார். முழங்காலிலும் பிரச்னை. அவருக்குப் பதிலாக ராபின் உத்தப்பா உள்ளே வந்தார்.

முதல் இரண்டு ஆட்டங்களில் உத்தப்பாவும் ஜொலிக்கவில்லை. “இதுக்கு ரெய்னாவே ஆடியிருக்கலாமே” என்று ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். அக்டோபர் 10-ம் தேதி, துபாயில் டெல்லிக்கு எதிரான தகுதிச் சுற்றில் அவர் 44 பந்துகளில் 63 ரன்கள் அடித்தார். ஐந்து நாள் கழித்துக் கொல்கத்தாவுக்கு எதிரான இறுதிப் போட்டியில் 15 பந்துகளில் 31 ரன்கள். சென்னை 27 ரன்களில் வென்று நான்காவது கோப்பையைத் தூக்கியது.

அணிக்கு அது சரியான முடிவு. ஆனால் ரெய்னா? அடுத்த ஆண்டு ஏலத்தில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. அதன்பின் அவர் ஐபிஎல்லில் ஆடவே இல்லை. ‘சின்ன தல’ என்று கொண்டாடப்பட்டவரின் கதை, அந்த மாற்றத்தோடு முடிந்துபோனது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. உத்தப்பா திடீரென்று வந்து இறங்கியவர் இல்லை. அந்த ஆண்டு ஜனவரியிலேயே ராஜஸ்தானிலிருந்து சென்னைக்கு வந்துவிட்டார். முதல் 12 ஆட்டங்களில் வாய்ப்பே கிடைக்காமல் உள்ளேயே காத்திருந்தார். சென்னை மாற்று ஆளைக் கடைசி வாரத்தில் தேடவில்லை. ஆரம்பத்திலேயே தேடி வைத்திருந்தது.

ஒரே மேட்ச், இரண்டு புது ஆட்கள்

கடைசி நேரத்தில் தேடினால் என்ன ஆகும்? அதற்கு 2025-ம் ஆண்டைப் பார்க்கலாம். அந்த மே மாதம் எல்லைப் பதற்றத்தால் ஐபிஎல் சில நாட்கள் நின்று, 17-ம் தேதி மறுபடி தொடங்கியது. தேதி தள்ளிப்போனதால் வெளிநாட்டு வீரர்கள் பலர் தங்கள் நாட்டு அணிக்குத் திரும்ப வேண்டிய நிலை. தற்காலிகமாக மாற்று வீரர்களை எடுத்துக்கொள்ளலாம் என்று கிரிக்கெட் வாரியம் அனுமதித்தது. ஒரு நிபந்தனையும் போட்டது: அப்படி வருகிறவர்களை அடுத்த ஆண்டுக்குத் தக்கவைத்துக்கொள்ள முடியாது.

ஜாஸ் பட்லர் போன இடத்துக்குக் குஜராத் அணி இலங்கையின் குசல் மெண்டிஸைக் கொண்டுவந்தது. மும்பை அணி ஜானி பேர்ஸ்டோ, ரிச்சர்ட் கிளீசன் உள்ளிட்டோரைக் கூட்டி வந்தது. மே 30-ம் தேதி எலிமினேட்டரில் இந்த இரண்டு அணிகளும் மோதின. தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பேர்ஸ்டோ 22 பந்துகளில் 47 ரன்கள் விளாசினார். மெண்டிஸுக்கு ஐபிஎல்லில் அதுதான் முதல் ஆட்டம். ரோகித் சர்மா 12 ரன்களில் இருந்தபோது கொடுத்த கேட்ச்சை அவர் நழுவவிட்டார். ரோகித் 81 எடுத்தார். பிறகு பேட்டிங்கில் மெண்டிஸ் 10 பந்துகளில் 20 ரன்கள் எடுத்து நம்பிக்கை தந்த நேரத்தில், பின்னால் நகர்ந்து தன் காலாலேயே ஸ்டம்ப்பைத் தட்டி அவுட் ஆனார். நம் தமிழகத்தின் சாய் சுதர்சன் 49 பந்துகளில் 80 ரன்கள் எடுத்துப் போராட, அவரை போல்டாக்கியவர் அந்தப் புது ஆள் கிளீசன். மும்பை 20 ரன்களில் வென்றது.

சரி, மும்பைக்குக் கோப்பை கிடைத்ததா? இல்லை. அடுத்த ஆட்டத்திலேயே பஞ்சாபிடம் தோற்று வெளியேறியது. ஒரே நாளில் ஒரு புது ஆள் கைகொடுத்தார், இன்னொருவருக்கு அந்த நாள் சரியில்லை. ஓர் ஆட்டத்துக்காக ஆள் கொண்டுவருவதில் திறமையோடு சேர்த்து அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு.

அந்த ஆண்டு கோப்பையை வென்றது பெங்களூரு. காயம்பட்ட தேவ்தத் படிக்கலுக்குப் பதிலாக அவர்கள் எடுத்தது மயங்க் அகர்வாலை. பெங்களூருவில் பிறந்து, கர்நாடகத்துக்கு ஆடியவர். முன்பு இதே அணியிலும் இருந்தவர். லக்னோவுக்கு எதிராக 228 ரன்கள் என்ற இலக்கை விரட்டிய ஆட்டத்தில் ஜிதேஷ் சர்மா 33 பந்துகளில் 85 அடித்து எல்லோர் கண்ணிலும் பட்டார். எதிர்முனையில் கடைசிவரை அவுட் ஆகாமல் நின்று 23 பந்துகளில் 41 எடுத்தவர் மயங்க். மாற்று ஆளைத் தேடியவர்களுக்குக் கிடைத்தது சொந்த ஊர்க்காரர்!

அமெரிக்காவில் விட்ட பையன்

இந்த விவாதத்தை வருடா வருடம் ஒரு திருவிழா மாதிரியே நடத்துகிறவர்கள் அமெரிக்கர்கள். அங்கே பேஸ்பால் சீசனில் ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டங்கள். இப்போதெல்லாம் ஜூலைக் கடைசியில் அல்லது ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு கெடு வைக்கிறார்கள். அதற்குள் அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளலாம். கோப்பைக்கு வாய்ப்புள்ள அணி அனுபவசாலிகளை வாங்கும். வாய்ப்பில்லாத அணி அவர்களைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இளம் பையன்களை வாங்கிக்கொள்ளும். ஒருவருக்கு இன்றைய சாப்பாடு, இன்னொருவருக்கு நாளைய விதைநெல்.

1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் டைகர்ஸ் அணி முதலிடத்துக்குப் போராடிக்கொண்டிருந்தது. 36 வயது டாயில் அலெக்சாண்டரை அட்லாண்டாவிடமிருந்து வாங்கினார்கள். பேஸ்பாலில் பந்து வீசுபவரின் பெயரிலேயே வெற்றி தோல்வியை எழுதுவது வழக்கம். அலெக்சாண்டர் கணக்கில் ஒன்பது வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை! டெட்ராய்ட் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஆனால் அடுத்த சுற்றில் அவர் இறங்கிய இரண்டு ஆட்டங்களிலும் தோல்வி. அணி வெளியேறியது.

அவருக்காக டெட்ராய்ட் கொடுத்தது ஒரு 20 வயதுப் பையனை. பெயர் ஜான் ஸ்மோல்ட்ஸ். டெட்ராய்ட் இருக்கும் அதே மிச்சிகன் மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் அட்லாண்டாவுக்காக இருபது ஆண்டுகளுக்குமேல் இருந்து, 1995-ல் கோப்பை வென்று, 2015-ல் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம்பிடித்தார்.

அதற்காக எல்லா மாற்றமும் தப்பு என்று சொல்லிவிட முடியாது. 2016-ல் சிகாகோ கப்ஸ் அணி, அதிவேகப் பந்துவீச்சாளர் அரோல்டிஸ் சாப்மனுக்காக நான்கு வீரர்களை நியூயார்க் யாங்கீஸ் அணிக்குக் கொடுத்தது. அந்தக் குளிர்காலமே சாப்மன் மறுபடி யாங்கீஸுக்குப் போய்விட்டார். கொடுத்த நால்வரில் ஒருவரான கிளேபர் டோரஸ் இரண்டே ஆண்டில் அங்கே நட்சத்திரமானார். ஆனால் சிகாகோவில் யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. 108 ஆண்டுகள் காத்திருந்த கோப்பை வீட்டுக்கு வந்திருந்ததே!

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

இவ்வளவையும் பார்த்தால், கண்மாய்த் திடலில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கும் மூன்று கேள்விகள் கிடைக்கும்.

முதல் கேள்வி, அணியில் ஓட்டை எங்கே? ‘அவன் நல்லா ஆடுவான்’ என்பது பதில் ஆகாது. கடைசி இரண்டு ஓவர் போட ஆள் இல்லை என்றால், அதற்கு ஆள் தேடலாம். நான்கு ஓப்பனர் இருக்கும் அணிக்கு ஐந்தாவது ஓப்பனர் எதற்கு?

இரண்டாவது, வருகிறவர் நம்மோடு பழகியவரா? யார் எங்கே நிற்பார், யார் ரன் ஓடக் கூப்பிட்டால் நம்பி ஓடலாம் என்பதெல்லாம் ஒரே ராத்திரியில் தெரிந்துவிடாது. சிங்கப்பூரிலிருந்து வந்தவர், வந்த மறுநாளே பயிற்சிக்கு வந்து நின்றால் அவர் உத்தப்பா மாதிரி. இறுதிப் போட்டி அன்று பைக்கில் நேராகத் திடலுக்கு வந்து இறங்கினால் லாட்டரிச் சீட்டு மாதிரி.

மூன்றாவது, வெளியே உட்காரப்போவது யார்? இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கடைசியில் கேட்கிறார்கள், பல நேரம் கேட்பதே இல்லை. அந்தப் பையனுக்கு விஷயம் தெரிவது பெரும்பாலும் டாஸ் போட்ட பிறகு. பேப்பரில் பதினோரு பெயர் எழுதும்போது தன் பெயர் இல்லை என்று பார்த்துத் தெரிந்துகொள்வான். முதல் நாளே கேப்டன் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, இன்ன காரணத்துக்காக அவரை ஆட வைக்கிறோம்” என்று சொல்லியிருந்தால் அவன் கோபப்படுவான். ஆனால் அடுத்த வருடம் வேறு ஊர் அணிக்கு ஆடப் போகமாட்டான்.

2025-ல் சென்னை அணி ஐபிஎல் வரலாற்றிலேயே முதல்முறையாகக் கடைசி இடத்துக்குப் போனது. ஆனாலும் அந்த சீசன் முழுக்க வீணாகவில்லை. நடுவில் மாற்று வீரராகக் கொண்டுவந்த 17 வயது ஆயுஷ் மாத்ரே, பெங்களூருவுக்கு எதிராக 48 பந்துகளில் 94 ரன்கள் அடித்தார். தோற்கும் ஆண்டில் சின்னப் பையன்களுக்கு இடம் கொடுப்பது சுலபம். ஜெயிக்கும் ஆண்டில் கொடுப்பதுதான் கஷ்டம்.

கண்மாய்த் திடலில் பரிசளிப்பு முடிந்ததும் கோப்பையோடு ஒரு படம் எடுப்பார்கள். அன்று சாயங்காலமே அது எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் போய்விடும். ஒரு நாள் ஆட வந்த வெளியூர்க்காரர், கோப்பையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பார். ஓரத்தில், ஆடாத சட்டையோடு ஒரு பையன் நிற்பான். மழை வந்து கண்மாய் நிறைந்து, மறுபடி வற்றி, அடுத்த நோட்டீஸ் சுவரில் ஏறும்போது அணிக்கு ஆள் சேர்க்க வேண்டும். அப்போது முதலில் போன் போடப்போவது அந்தப் பையனுக்குத்தான். அவன் எடுக்க வேண்டுமே!