கூட்டாளி யார்?

பிளஸ்-2 தேர்வு முடிவு வந்துவிட்டது. பையன் நல்ல மார்க். வீட்டில் ஒரே பேச்சு: "எந்தக் கல்லூரி?"

மாமா ஒன்று சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் வேறொன்று சொல்கிறார். அப்பாவுக்குக் கட்டணக் கவலை. "விடுதியில் சாப்பாடு எப்படி?" என்று அம்மா கேட்கிறாள். கட்டிடம் எத்தனை மாடி, பஸ் எத்தனை, போன வருஷம் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எல்லாம் விசாரிக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் யாரும் கேட்பதில்லை. பையன் நான்கு ஆண்டு யாரோடு இருக்கப் போகிறான்?

ஆசிரியர் முன் உட்காருவது ஒரு நாளில் சில மணி நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் கூட்டாளிகளோடு. நகையை அடகு வைத்துக் கட்டும் பணம் வீணாவதும் பலன் தருவதும் பெரும்பாலும் அந்த மிச்ச நேரத்தில்தான்.

விளையாட்டுப் பெட்டி

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் பெரியா என்று ஒரு கல்லூரி. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் இடம். படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. அதற்குப் பதில் எல்லா மாணவர்களும் கல்லூரியில் ஏதாவது வேலை செய்ய வேண்டும்.

அங்கே புது மாணவர்களுக்கு அறைத் தோழனைக் குலுக்கல் போல ஒதுக்கினார்கள். இதை வைத்து 2 ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆராய்ச்சி நடத்தி, 2008-ல் வெளியிட்டார்கள். அறைத் தோழன் வீடியோ விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்திருந்தால் மற்றவன் படிக்கும் நேரம் தினம் சுமார் 40 நிமிடம் குறைந்தது. 4 புள்ளிக்குப் போடும் மார்க்கில் கால் புள்ளி அளவு இறங்கியது.

பெட்டி ஒருவனுடையது. மார்க் போனது இன்னொருவனுக்கு!

இன்று அந்தப் பெட்டி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. ஆகவே பையில் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பயனில்லை. இரவு 9 மணிக்கு அந்த விடுதியில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கெட்டிக்காரர் நடுவே

"அப்படியானால் கெட்டிக்காரப் பிள்ளைகள் நிறைந்த கல்லூரியில் சேர்த்துவிட்டால் போதுமே!" என்று தோன்றும். விஷயம் அவ்வளவு சுலபம் அல்ல.

அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். படிப்பில் பின்தங்கிய மாணவர்களை முதல்தர மாணவர்கள் நிறைந்த பிரிவுகளில் வேண்டுமென்றே சேர்த்தார்கள். பின்தங்கியவர்கள் முன்னேறுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். 2013-ல் வெளியான முடிவு நேர்மாறாக இருந்தது. பின்தங்கியவர்களின் மார்க் இன்னும் குறைந்தது!

காரணம்? ஒரே பிரிவில் இருந்தும் அவர்கள் ஒன்று சேரவில்லை. கெட்டிக்காரர்கள் தனியாகக் கூடினார்கள். மற்றவர்கள் தங்களுக்குள் ஒதுங்கினார்கள்.

கிராமத்துப் பள்ளியில் தமிழில் படித்த பெண்ணை நினைத்துப் பாருங்கள். நல்ல கட்-ஆப் வாங்கிப் பெரிய கல்லூரியில் சேருகிறாள். அறையில் மற்றவர்கள் இங்கிலீஷில் பேசிச் சிரிக்கிறார்கள். இவள் வாய் திறப்பதில்லை. சந்தேகம் கேட்கக் கூச்சம். ஒரு பாடத்தில் தவறினால் வீட்டுக்குக் கூடச் சொல்வதில்லை. அவளோடு உட்கார்ந்து கணக்குப் போட ஒரு தோழி கிடைத்தால் அதே பெண் தலை நிமிர்ந்துவிடுவாள். கல்லூரியின் பெயர் பெரிதா என்பதைவிட, மேல் வகுப்புப் பிள்ளைகள் கீழ் வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்கும் பழக்கம் அங்கே உண்டா என்பதே அவளுக்கு முக்கியம்.

உயர்ந்த சுவர்

சில பெற்றோருக்கு வேறொரு நம்பிக்கை. சுவர் உயரமாக இருக்க வேண்டும். போனைப் பிடுங்க வேண்டும். தொட்டதற்கெல்லாம் அபராதம் போட வேண்டும். "கண்டிப்பான கல்லூரி" என்று திருப்தியோடு திரும்புகிறார்கள். பிள்ளை சனிக்கிழமை வெளியே வந்ததும் என்ன செய்கிறான் என்பது சுவருக்குத் தெரியாது.

ராகிங் விஷயம் வேறு. அங்கே கண்டிப்பு வேண்டும். தமிழ்நாட்டில் 1997 முதல் ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ம் ஆண்டு விதிப்படி மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். பலர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள்.

எப்படித் தெரிந்துகொள்வது?

கல்லூரி அலுவலகத்தில் கேட்டால் நல்லதையே சொல்வார்கள். வாசலில் உள்ள டீக்கடைக்குப் போங்கள். மாலை வகுப்பு விட்டதும் அரைமணி நேரம் உட்காருங்கள். பிள்ளைகள் எதைப் பேசுகிறார்கள் என்று காதில் விழும். நூல்நிலையம் எத்தனை மணிக்கு மூடுகிறது, அதில் ஆள் இருக்கிறார்களா என்று பாருங்கள். சொந்த ஊர்ப் பிள்ளை யாராவது அங்கே 2-ம் ஆண்டு, 3-ம் ஆண்டு படித்தால், "தம்பி, பாடம் புரியாவிட்டால் யாரிடம் கேட்பாய்?" என்று கேளுங்கள். அவன் சட்டென்று ஒரு பெயர் சொன்னால் நல்ல அடையாளம். யோசித்தால் நீங்களும் யோசிக்க வேண்டியதுதான்.

பையனையும் கூடவே அழைத்துப் போங்கள். அங்கே இருக்கப் போகிறவன் அவன்.

என்ஜினீயரிங் கலந்தாய்வில் சேருகிறவர்கள் இதையெல்லாம் முன்பே செய்துவிட வேண்டும். கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பட்டியலை உறுதி செய்த பிறகு வரிசையை மாற்ற முடியாது.